கடலை அடைக்கும் ஞாயிறு

"குட்டிய வளத்து விடுறதும் நாமதான், வலை போடுறதும் நாமதான். அப்ப அது யாரப் பாத்துப் பயந்து ஓடணும்?"

ஞாயிறு பள்ளியில் மிக்கா என்ற ஆறு வயதுச் சிறுமி இப்படிக் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்று ஓர்பா ஒரு பெரிய நீலத் தொட்டியில் கடல்நீர் ஊற்றி, சுறாக் குட்டியை அதில் விட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். பல் எங்கே இருக்கிறது, கடிக்குமா, எப்போது தூங்கும் என்று கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னவள், மிக்காவின் கேள்வி வந்ததும், "சரி, எல்லாரும் ஒரு பாட்டுப் பாடலாமா" என்று பேச்சை மாற்றிவிட்டாள். பிள்ளைகள் பாட்டை மறந்துபோனார்கள். ஓர்பாவால் கேள்வியை மறக்க முடியவில்லை.

அந்தக் குட்டி முட்டையாக ஆகாய விமானத்தில் வந்தது. எங்கோ தூர தேசத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் வாழும் தாய்ச் சுறா இட்ட முட்டை. நட்சத்திரப் பழத்தைப் போல முதுகில் வரம்புகள் ஓடும் அந்தச் சுறாவுக்கு ஊரார் பழத்தின் பெயரையே வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் இந்த ராஜா அம்பாட் தீவுகளைச் சுற்றி எந்த மணல்திட்டில் குனிந்து பார்த்தாலும் ஒன்று படுத்திருக்கும். பிறகு துடுப்புக்காகச் சுறா பிடிக்கும் படகுகள் வந்தன. ஓர்பாவின் தகப்பனாரும் அந்தப் படகுகளில் கூலிக்குப் போனவர்தான். இப்போது இந்தக் கடலில் அந்தச் சுறாவைக் கண்டதாக யாராவது சொன்னால், எங்கே, எப்போது என்று நாலு பேர் கூடிவிடுகிறார்கள்.

படகுத்துறையின் கோடியில் இருந்த குடிசையில் முட்டைகளைப் பொரிக்க வைத்து, பொரிந்த குட்டிகளுக்கு நத்தையும் சிப்பியும் நறுக்கி ஊட்டுவது ஓர்பாவின் வேலை. வைசாய் நகரத்திலிருந்த ஆராய்ச்சி நிலையத்தார் ஆறு வருடத்துக்கு முன் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த வருடம் பிழைத்த குட்டி ஒன்றே ஒன்று. தாயும் தகப்பனும் அருகில் இல்லாதது என்பதால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதற்கு எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். உடனே படகுத்துறை ஆண்கள் ஓர்பாவுக்கு மொர்தெகாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேதத்தில், பின்னால் ராணியான அநாதை எஸ்தரை எடுத்து வளர்த்தவர் அவர்தானே. ஓர்பாவின் கணவன் ஓபெத்துக்கும் அந்தக் கேலி பிடித்துப்போயிற்று. "மொர்தெகாய், சோறு ஆச்சா?" என்று வீட்டுக்குள்ளும் கூப்பிட ஆரம்பித்தான்.

ஓர்பாவும் சிரிப்பாள். ஆனால் ஒரு பயம் அவளை விடவில்லை. சென்ற வருடம் இரண்டு குட்டிகளைக் கடலில் விட்டார்கள். அதில் ஒன்று பத்தாம் நாள் இதே விரிகுடாவில் வலையில் சிக்கிச் செத்துக் கிடந்தது. வேண்டுமென்று யாரும் பிடிக்கவில்லை. வேறு மீனுக்குப் போட்ட வலை அது. கொண்டுவந்து கொடுத்தவனும் தலை குனிந்துதான் கொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் அவள் வீடு வீடாக ஏறினாள். நாற்பத்தொரு வீடுகள். செத்த குட்டியை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப்போய்க் காட்டலாமா என்றுகூட யோசித்தாள். பிறகு மனம் கேட்காமல், உயிரோடு இருக்கும் குட்டியின் படத்தை மட்டும் எடுத்துப்போனாள். சாகோப் பனைமாவில் கூழ் கிண்டும் பெண்களோடு உட்கார்ந்து தானும் கிண்டினாள். வெற்றிலை போடும் ஆண்களுக்குச் சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்தாள். நத்தை தின்கிற சாதுவான மீன் இது என்றும், இது வளர்ந்து பெரிதாக இரண்டு வருடம் அமைதியான கடல் வேண்டும் என்றும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான்கு மாதம் கழித்து ஊர் சம்மதித்தது. விரிகுடாவுக்கு இரண்டு வருடம் சாசி.

சாசி போட்டுவிட்டால் காவல்காரன் தேவையில்லை. போதகர் கரையில் நின்று ஜெபித்து, குலத்தலைவர் கம்பத்தில் தென்னங்குருத்தைக் கட்டிவிட்டால் கடல் அடைபட்டது என்று அர்த்தம். அதன்பின் அங்கே வலை போடுகிறவன் ஊரிடம் திருடவில்லை, ஆண்டவரிடம் திருடுகிறான். அப்படித் திருடிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டவனை அந்த ஊர் கண்டதில்லை. எஸ்தரை இப்போது விரிகுடாவிலேயே ஒரு வலைக் கூண்டில் விட்டிருந்தார்கள்; ஜெபம் முடிந்த மறுநிமிடம் அதைத் திறந்துவிடுவது என்று ஏற்பாடு.

ஆனால் அந்த ஜெபத்தின் கடைசி ஆமென் வரைக்கும் கடல் எல்லோருக்கும் சொந்தம். அதுவும் பழைய வழக்கம்தான். இரண்டு வருடத்துக்கு அடைபடப் போகும் கடலிலிருந்து அடைபடுமுன் வேண்டியதை எடுத்து உப்புப் போட்டு வைத்துக்கொள்வதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. நாள் குறிக்கச் சொல்லிக் கேட்டவள் ஓர்பா. "வர்ற ஞாயித்துக்கெழமை" என்று நாற்பத்தொரு வீட்டிலும் சொல்லி வந்தவளும் அவள்தான்.

திங்கட்கிழமை காலை படகுத்துறையில் நின்று பார்த்தபோது விரிகுடாவில் ஆறு வலைகளின் மிதவைகள் தெரிந்தன. செவ்வாய் பதினொன்று. புதன்கிழமை பத்தொன்பது. அதில் ஒன்று ஓபெத்துடையது.

தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வருடம் முழுவதும் இரண்டு மூன்று வலை கிடக்கும் இடத்தில் இப்போது வேலிபோல் வலை. ஓபெத்திடம் புலம்பினாள். குட்டி கூண்டுக்குள்தானே இருக்கிறது, ஞாயிறு காலை எல்லா வலையும் வெளியே வந்துவிடுமே, பிறகென்ன என்றான் அவன். அவன் சொன்னது சரிதான். அவளும் சரி என்று தலையாட்டினாள். ஆனால் வியாழன் பகல் முழுவதும் படகுத்துறைக்குப் போய்ப் போய் மிதவைகளை எண்ணினாள்.

வியாழன் மாலை மேற்குக் காற்று எழுந்தது. வெள்ளி விடியலில் ஓர்பா போய்ப் பார்த்தபோது எங்கிருந்தோ அடித்து வந்த பெரிய மரக்கட்டை ஒன்று கூண்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கத்து வலை முழுவதும் கிழிந்து அலையில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே முங்கினாள். மணலும் இரண்டு நத்தை ஓடுகளும் இருந்தன. எஸ்தர் இல்லை.

வைசாய்க்குத் தொலைபேசியில் சொன்னாள். கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, ஞாயிறு வரை படகு எடுக்க முடியாது, உங்களால் ஆனதைச் செய்யுங்கள் என்றார்கள். ஈர உடையோடே போதகர் வீட்டுக்கு ஓடினாள். சாசி ஜெபத்தை இன்றைக்கே சொல்லிவிடக் கூடாதா என்று கேட்டாள். குலத்தலைவர் வைசாயில் இருக்கிறார், அவர் கையால் குருத்துக் கட்டாமல் ஜெபித்தால் அந்த ஜெபம் ஊரைக் கட்டாது என்றார் போதகர். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, ஒவ்வொருத்தர்கிட்டயா கேப்போம். கேக்கறதுக்குக் குருத்து வேண்டாமே" என்றார்.

இருவரும் படகுத்துறைக்குப் போனார்கள். காற்றுக்கு ஒதுங்கி ஏழெட்டுப் பேர் அங்கே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். குட்டி வெளியே போய்விட்டது, வலைகளை இன்றே எடுத்துவிட முடியுமா என்று போதகர் மெதுவாகக் கேட்டார். இரண்டு வருடத்துக்கான உப்பு மீனை இரண்டு நாள் முன்னதாக விட்டுக்கொடுப்பது சின்ன விஷயம் அல்ல.

மார்க்கஸ் என்பவன் எல்லாவற்றிலும் கேலி காண்கிறவன். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "மொர்தெகாய் அக்கா, ராணி அரண்மனைய விட்டு ஓடிட்டாங்களா? கழுத்துல ஒரு மணியாவது கட்டி வச்சிருக்கலாம்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ஓர்பாவும் சிரிக்கத்தான் முயன்றாள். உதடு கோணி, கண்ணிலிருந்து நீர் வந்துவிட்டது. எவ்வளவு துடைத்தும் நிற்கவில்லை. சிரிப்பு அடங்கியது. மார்க்கஸ் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு எழுந்து தன் ஓடத்தின் கயிற்றை அவிழ்த்தான்.

"அழாதக்கா. எடுத்துடறேன். ஆனா வீட்ல உப்பு மீன் ஏன் இல்லன்னு என் பொண்டாட்டிக்கு நீதான் வந்து பதில் சொல்லணும். எனக்கு அவ்வளவு தைரியம் கெடையாது."

அவனுக்குப் பின்னால் ஓபெத் எழுந்தான். பிறகு மற்றவர்கள். நல்ல காரியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முணுமுணுப்போடு தொடங்குகின்றன. ஆண்டவர் முணுமுணுப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை போலும். அந்தக் காற்றில் ஒவ்வொரு ஓடமாகத் தத்தளித்துப் போய் வலையை எடுத்து வந்தது. நண்பகலுக்குள் பத்து வலை கரைக்கு வந்துவிட்டது. போதகர் ஒவ்வொன்றுக்கும் தண்ணீரில் இறங்கி மிதவையைப் பிடித்து இழுத்துக் கொடுத்தார். மாலையில் இன்னும் எட்டு வந்தன. எந்த வலையிலும் எஸ்தர் இல்லை. ஒவ்வொரு வலையையும் முழுவதும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓர்பா அடுத்ததற்குப் போனாள்.

பொழுது சாயும்போது விரிகுடாவில் ஒரே ஒரு வலை மிச்சம் இருந்தது. ஃபினாவின் வலை.

அதுதான் போடக்கூடாத இடத்தில் கிடந்தது. அலையாத்தி மரங்களுக்கு முன்னால், கடற்புல் வளரும் ஆழமில்லாத திட்டில். நத்தை நிறைந்த இடம் அது. கூண்டை விட்டு வந்த குட்டி பசித்தால் நேரே அங்கேதான் போகும்.

ஃபினா ஐம்பத்தெட்டு வயது விதவை. இடுப்பு வலி. இயந்திரப் படகு கிடையாது, துடுப்பு போடும் சின்ன ஓடம் ஒன்றுதான். காற்றுக் காலத்தில் அந்தத் திட்டைத் தாண்டி அவளால் போக முடியாது. ஊர்க்கூட்டத்தில் சாசிக்குச் சம்மதம் கேட்டபோது ஒரு வார்த்தை பேசாமல் கையைத் தூக்கியவள் அவள். அடைபடும் கடலை வேறு யாரையும்விட அவளுடைய அடுப்புதான் நம்பியிருக்கிறது என்பதை அன்று ஓர்பா யோசித்துப் பார்க்கவில்லை.

இப்போது ஃபினா வீட்டுப் பின்கட்டில் நின்றபோது யோசித்தாள். ஃபினா தரையில் உட்கார்ந்து நாலே நாலு மீனைக் கீறி உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஜாடி பாதிகூட நிரம்பவில்லை. ஓர்பா வாயைத் திறக்குமுன் ஃபினா தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"ஓர்பா, என்கிட்ட நீ அதக் கேக்காத. கேட்டா நான் இல்லன்னு சொல்லணும். அந்தப் பாவத்த என் தலையில வைக்காத, தாயி."

ஓர்பா கேட்டிருக்கலாம். அழுதிருக்கலாம். படகுத்துறையில் அழுகைக்கு என்ன பலன் என்று அன்று காலையில்தான் பார்த்தாள். ஆனால் அந்த ஜாடியைப் பார்த்தபின் அழுவது பிச்சை எடுப்பதைவிட மோசமாகத் தோன்றியது. "இடுப்பு எப்படி இருக்கு, ஃபினாம்மா?" என்று மட்டும் கேட்டாள். மழைக்கு வலிக்கும், வெயிலுக்கு விடும் என்றாள் ஃபினா. ஓர்பா வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றாள். குட்டியைக் காப்பாற்று என்று கேட்டால், ஃபினாவின் வலையில் மீன் விழவேண்டாம் என்று கேட்டதுபோல் ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. "உமக்குத் தெரியும்" என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போதே முங்கிப் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடற்கரையோடு திட்டுக்கு நடந்தாள். காற்று சற்றுத் தணிந்திருந்தது. வலையில் கை வைக்கக் கூடாது, அதன் ஓரமாக நீந்திப் பார்ப்பதில் தப்பில்லை என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். போய்ச் சேர்ந்தபோது கடலில் மிதவை எதுவும் இல்லை. ஃபினா தன் ஓடத்தைக் கரையேற்றிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். வலை காலடியில் குவிந்து கிடந்தது. உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள்.

ஞாயிறு வரை போட்டிருக்கலாமே என்று ஓர்பா தயங்கிச் சொன்னாள்.

"எங்க போட? ஆமை வந்து மாட்டிக் கிழிச்சுட்டுப் போயிடுச்சு. பெரிய ஆமை." ஃபினா கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கெடக்கட்டும், போ. உன் புள்ளையத் தேடு."

ஓர்பா குனிந்து வலையின் ஒரு பக்கத்தைத் தூக்க உதவினாள். கிழிசல் அவள் கைக்கு வந்தது. ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு இருந்தது. கூண்டு வலைகளைப் பின்னுவதும் தைப்பதும் அவள் தினமும் செய்கிற வேலை. ஆமை கிழித்தால் நூல் பிசிறிப் பஞ்சாக நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். இந்த நூல்முனைகள் ஒவ்வொன்றும் கத்தி பட்டதுபோல் நறுக்கென்று இருந்தன. ஃபினா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இருவருமாக வலையைச் சுமந்துபோய்ப் பின்கட்டில் போட்டார்கள்.

அன்று பகல் முழுவதும் ஓர்பா தண்ணீரில் இருந்தாள். கண் சிவந்தது, விரல்கள் வெளுத்துச் சுருங்கின. மூன்று மணிவாக்கில் அலையாத்தி வேர்களுக்குக் கீழே, நிழல் விழுந்த மணலில், ஒரு நீளமான வால் கிடப்பதைப் பார்த்தாள். அசைவில்லை. கிட்டே போனாள். வெள்ளை வரிகள் தெரிந்தன. மூச்சுச் செவுள்கள் திறந்தன, மூடின. திறந்தன, மூடின. இந்தச் சாதிச் சுறா ஓரிடத்தில் படுத்துக்கொண்டே மூச்சு விடும். அதனால்தான் வலையில் கிடந்தும் பிழைத்திருக்கிறது.

வலையில் கிடந்தது என்பதற்குச் சாட்சியும் இருந்தது. வால் ஆரம்பிக்கும் இடத்தில் பச்சை நூல் ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. ஊரில் எல்லோருடையதும் வெள்ளை நைலான் வலை. பச்சை நூல் வலையை இன்னும் கடலில் போடுகிறவள் ஃபினா ஒருத்திதான்.

இடுப்பில் செருகியிருந்த கத்தரியால் நூலை வெட்டி எடுத்தாள். எஸ்தர் ஒரு தடவை உடலை வளைத்துவிட்டு, இரண்டு முழம் தள்ளிப் போய் மறுபடி படுத்துக்கொண்டது. ஓர்பா அந்த நூலைச் சேற்றுக்குள் ஆழமாக அமுக்கினாள்.

குட்டி கிடைத்துவிட்டது, கடற்புல் திட்டுப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று ஊரில் சொன்னாள். ஃபினா வீட்டுக்கும் போய் அதையே சொன்னாள். "அப்படியா, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு ஃபினா விறகைத் தள்ளி வைத்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை ஓர்பாவின் தொண்டைவரை வந்தது. சொன்னால் ஆமைக் கதை பொய்யாகிவிடும். அதுவும் போகட்டும். நாளைக்கு வைசாயிலிருந்து வரும் அதிகாரிகள் ஃபினாவை மேடையேற்றிப் படம் எடுப்பார்கள். ஏழை விதவையின் தியாகம் என்று பேசுவார்கள். படகுத்துறையில் அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் வரும். கேட்காதே என்று சொன்னவள் கேட்காமலே கொடுத்திருக்கிறாள். அதைத் தெருவில் கூவிச் சொல்வது எந்த விதத்தில் நன்றி?

ஆனால் திங்கட்கிழமை ஃபினா தீவின் பின்பக்கத்துச் சின்னக் குடாவில் வலை போட்டாக வேண்டும். அங்கே சாசி இல்லை. மீன் குறைவு, ஆனால் அவளால் அங்கே நடந்தே போய்விட முடியும். ஒரு பாகக் கிழிசலோடு வலையைப் போடுவது கதவில்லாத கூட்டில் கோழியை அடைப்பதுபோல. முடிச்சுப் போட அவள் விரல்கள் இப்போது மடங்குவதில்லை. சொராங் நகரத்தில் இருக்கும் அவள் அக்கா மகன் கிறிஸ்துமஸுக்கு வந்தால்தான் வலை தைப்பான். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஐந்து மாதம்.

ஞாயிறு காலை கடற்கரையில் ஊரே வெள்ளை உடுத்தி நின்றது. குலத்தலைவரோடு வைசாய்ப் படகு வந்துவிட்டது. ஓர்பா அதிகாரிகளுக்குப் பக்கத்தில் நின்று சுறாக்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான்கு மாதம் வீடு வீடாக ஏறியது இந்த ஐந்து நிமிடத்துக்காகவும்தான். ஆராதனை தொடங்கும்போது ஃபினா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டாள். ஓபெத்திடம் வயிறு சரியில்லை என்றாள்.

"இன்னைக்கா? உன் பேரக் கூப்பிடுவாங்களே."

"நீ பேசு. குட்டி நல்லா இருக்குன்னு சொல்லு. அது போதும்."

வீட்டுக்கடியில் கிடந்த, தகப்பனார் காலத்துப் பழைய வலை ஒன்றிலிருந்து சனிக்கிழமை மாலையே பச்சை நூலைப் பிரித்து எடுத்து வைத்திருந்தாள். வலை ஊசியை இடுப்பில் செருகிக்கொண்டு அலையாத்திப் பக்கத்து வழியாக ஃபினாவின் பின்கட்டுக்குப் போனாள். அங்கே ஒரு கோழி மட்டும் கிளறிக்கொண்டிருந்தது.

வலையை மடியில் விரித்தாள். இரண்டு விரலை வைத்துக் கண்ணியின் அளவு பார்த்தாள். கடற்கரையில் பாட்டுத் தொடங்கியது. முதல் வரிசைக் கண்ணிகளைப் பிடித்துக் கீழ்நோக்கிப் பின்னத் தொடங்கினாள். முடிச்சு பெரிதாகத் தெரியக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாள். நடுவில் யாரோ வருவதுபோல் இரண்டு தடவை சத்தம் கேட்டது. கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். காற்றுதான். ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு ஓபெத்தின் தடுமாறிய குரல், அதன்பின் சிரிப்பு. மார்க்கஸ் ஏதாவது சொல்லியிருப்பான்.

போதகர் ஜெபிக்க ஆரம்பித்தபோது கிழிசல் ஒரு முழத்துக்குக் குறைந்திருந்தது. ஓர்பா கண்ணை மூடவில்லை. கையும் நிற்கவில்லை. கடைசி வரிசைக் கண்ணிகளைப் பழைய நூலோடு சேர்த்துக்கொண்டிருந்தபோது கரையிலிருந்து ஊர் முழுவதும் சேர்ந்து சொன்ன ஆமென் வந்தது. அவளும் மெல்லச் சொன்னாள். கடல் அடைபட்டது.

ஊசியில் மிச்சமிருந்த நூலை அறுத்து, துணுக்குகளைப் பொறுக்கி இடுப்பில் முடிந்துகொண்டாள். வலையை நேற்று இருவருமாகப் போட்ட அதே குவியலாக, தைத்த இடம் உள்ளே போகும்படி சுருட்டி வைத்தாள். கோழியை ஜாடிப் பக்கமிருந்து விரட்டினாள். கூட்டம் கலையும் சத்தம் நெருங்குவதற்குள் படலைச் சாத்திவிட்டு, வந்த வழியே அலையாத்தி மரங்களுக்குள் இறங்கி நடந்தாள்.